மரம் விழுந்த இடத்தில் வெயில் விழவில்லை: கஜாவுக்குப் பின் ஒரு தென்னந்தோப்பின் காய்கறிக் கணக்கு

எங்கள் தோப்பு ஆறு மா. தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர், ஆக இரண்டு ஏக்கர். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில், சரளை கலந்த செம்மண். தாத்தா காலத்தில் அங்கே கடலை போட்டார்கள். அப்பா தென்னை வைத்தார். 2018 நவம்பர் 15 இரவு நாங்கள் படுக்கப் போனபோது தோப்பில் 138 மரம் இருந்தது. மறுநாள் விடிந்தபோது நின்றவை 51. அதிலும் ஏழு மரங்களுக்குக் குருத்து முறிந்திருந்தது. அடுத்த கோடைக்குள் அவையும் மொட்டையாகிச் செத்தன. மிஞ்சியவை 44.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கடலோரம் இல்லாத எங்கள் பகுதியையும் அது விட்டுவைக்கவில்லை. அரசு நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. முப்பது வயது மரத்துக்கு அது என்ன விலை என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. இங்கே எழுத வந்தது வேறு. அந்த ஆறு மாவில் ஏழு வருஷமாக மரத்துக்கு இடையில் காய்கறி செய்துவருகிறோம். எது தேறியது, எது தேறவில்லை, ஏன் என்பதை நோட்டில் குறித்து வைத்ததிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

யோசனை எங்களுடையது அல்ல. எங்கள் தோப்பில் கீற்று முடைந்துகொண்டிருந்த அக்கா ஒருவர். மரம் போனதும் அவருக்கும் வேலை போயிற்று. பொங்கல் கழிந்த ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவர் சொன்னார்: "மரந்தான் போச்சு தம்பி. வெயிலு வந்துருக்குல்ல. கத்தரி போட்டுப் பாருங்க." அப்பா பதில் சொல்லவில்லை. அந்த வாரமே நாற்றங்கால் விட்டோம்.

இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறதா?

தென்னையில் ஊடுபயிர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் இடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது என்று காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெகுகாலம் முன்பே அளந்து சொல்லிவிட்டது. அந்த வட்டத்தைக் கணக்குப் போட்டால் மரத்துக்குரிய நிலத்தில் கால் பங்குகூட வராது. முக்கால் பங்கு நிலம் சும்மா கிடக்கிறது.

நாங்கள் வேலை செய்த கணக்கு இது: இரு பக்கமும் மரத்தூரைச் சுற்றிய வட்டப்பாத்திக்கு ஆறாறு அடி விட்டால் நடுவில் 13 அடி. அதில் மூன்றடிப் பாத்தி மூன்று, நடுவே நடக்கத் தடம் இரண்டு. குறுக்கே மண்வெட்டி போட்டால் மரத்தின் வேர் சிக்காது. சிக்கினால் நாம் கோடு தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

பஞ்சம் வெயிலுக்குத்தான். வெயில் தென்னையின் வயதோடு மாறிக்கொண்டே இருக்கும். முதல் ஏழு வருஷம் தென்னம்பிள்ளை சின்னது, நடுவில் என்ன வேண்டுமானாலும் விளையும். ஏழிலிருந்து இருபது வரை மட்டைகள் தாழ்வாக, அடர்த்தியாக நிற்கும். அந்தக் காலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது பசுந்தாள் உரப்பயிரும் தீவனப்புல்லும்தான். இருபது தாண்டினால் மரம் உயர்ந்து, சாய்ந்த வெயில் உள்ளே வரத் தொடங்கும். அப்போது வெண்டை, மஞ்சள், மரவள்ளி, கருணை, வாழை எல்லாம் மறுபடியும் வரலாம். இது ஒரே வயதில் வைத்த தோப்புக்கான பாடம். எங்களுடையது அப்படி இல்லை. புயலுக்குப் பிறகு எங்கள் ஆறு மாவில் மூன்று வயதும் ஒன்றாக நின்றன: முப்பது வயது மரம், புதிதாக வைத்த பிள்ளை, இரண்டும் இல்லாத வெட்டவெளி. எந்தப் பரிந்துரையையும் அப்படியே எடுத்துப் போட முடியவில்லை.

முதல் வருஷம் இதெல்லாம் தெரியாமலே நன்றாக வந்தது. தெற்கு மூன்று மாவில் ஏறக்குறைய எல்லா மரமும் சாய்ந்திருந்தன. தைப்பட்டத்துக் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் அங்கே சித்திரை வரை காய்த்தன.

அடி வாங்கியது வடமேற்கு மூலையில். அங்கே மரங்கள் கூட்டமாகத் தப்பியிருந்தன, நடுநடுவே ஒற்றை மரம் மட்டும் விழுந்து மேலே மட்டைகளுக்கு நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்கு நேர் கீழே மரம் நின்ற குழியை மூடி, பாத்தி கட்டி, 2019 கார்த்திகையில் மிளகாய் நட்டேன். மார்கழி முழுக்கச் செடி வெளுத்து, ஒல்லியாக உயர்ந்து, பூ பிடிக்காமல் நின்றது. அடுத்த வரிசையில், பழைய மரங்களின் காலடியில், யாரும் நடாத இடத்தில் சாரணை பாய் விரித்த மாதிரி படர்ந்து பூத்திருந்தது. களைக்குக் கிடைத்த வெயில் மிளகாய்க்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் உச்சியில் நின்று பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தரை பாகை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சிவேளையிலும் 56 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. நாற்பதடி உயரத்தில் இருக்கும் ஓட்டை வழியே இறங்குகிற வெயில் தரையைத் தொடும்போது 27 அடி வடக்கே போய்விடும். மரத்துக்கு மரம் 25 அடி. மரம் விழுந்தது ஒரு வரிசையில், வெயில் விழுந்தது அடுத்த வரிசையில். ஓட்டைக்கு நேர் கீழே வெயில் விழுவது சூரியன் தலைக்கு மேலே வரும்போதுதான்: சித்திரை முதல் வாரம் ஒருமுறை, ஆவணி இரண்டாம் வாரம் ஒருமுறை. இடைப்பட்ட ஆனியில் கொஞ்சம் தெற்கே நகரும், ஒன்பது பத்து அடிக்கு மேல் போகாது.

அதன்பின் பாத்தியை இரண்டு பட்டமாகப் பிரித்தோம். ஆடிப்பட்டத்துக்கு ஓட்டைக்கு நேர் கீழே. கார்த்திகை, தை நடவுக்கு ஒரு வரிசை வடக்கே. நோட்டில் நான் எழுதியதிலேயே உருப்படியான வரி இதுதான் என்று நினைக்கிறேன். உரத்துக்கு, மருந்துக்கு, விதைக்கு எவ்வளவோ கேட்டிருக்கிறேன். நிழல் மார்கழியில் எங்கே விழும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

விழுந்த மரம் செய்த வேலை

94 மரத்தை அறுத்துப் போட்டாயிற்று. எங்கே கொண்டுபோவது? ஊர் முழுக்க மரம் கிடந்தது, விறகுக்குக்கூட ஆள் இல்லை. கொஞ்சத்தைப் பந்தல் காலாக நட்டு, கம்பி இழுத்து, புடலும் பாகலும் ஏற்றினோம். மிச்சத்தை மேற்கு வரப்பில் அடுக்கிவிட்டோம், மட்கினால் உரம்தானே என்று.

இரண்டுமே தவறு. பந்தல் கால்களைக் கரையான் இரண்டே வருஷத்தில் தின்றது. 2021 ஐப்பசி மழையில் பாகல் பந்தல் காயோடு படுத்தது. அடுக்கிய மரத்தில் நடந்தது அதைவிட மோசம். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் தென்னைமரத்திலும் எருக்குழியிலும்தான். நாங்கள் வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே 2019 ஆடியில் எண்பது தென்னம்பிள்ளையையும் நட்டு வைத்தோம். அடுத்த வருஷம் விரிந்த ஒவ்வொரு மட்டையிலும் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி விசிறி வெட்டு. பதினோரு பிள்ளை குருத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகு செய்தவை எல்லோரும் அறிந்ததுதான். கம்பியால் குத்தி வண்டை எடுப்பது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்கில் வைப்பது. ஆமணக்குப் புண்ணாக்கைப் பானையில் ஊறவைத்துத் தோப்பில் புதைப்பது. அடுக்கைப் பிரித்தபோது சுண்டுவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அக்கா கோழிகளை அவிழ்த்துவிட்டார். இருந்த மருந்திலேயே அதுதான் வேகமாக வேலை செய்தது. மிச்ச மரத்தைத் துண்டாக்கிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டோம், காசு வாங்காமல்.

பந்தலுக்கு இப்போது கிளைரிசிடியா போத்து. நட்டால் துளிர்க்கிறது, வருஷம் இரண்டு மூன்று முறை கழித்து அந்தத் தழையையே பாத்தியில் போடுகிறோம். உயிருள்ள கால் என்பதால் கரையான் அண்டவில்லை.

பெரிய மரத்தின் அடியில் பந்தலே போடக்கூடாது என்பதும் அனுபவத்தில் கற்றது. வளர்ந்த மரம் சராசரியாக மாதம் ஒரு மட்டை கழிக்கும். 44 மரத்துக்கு மாதம் நாற்பதுக்கு மேல். காய்ந்த மட்டை நாற்பதடியிலிருந்து விழுந்தால் கம்பி அறுந்துவிடும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை. காற்று நாளில் பெரிய மரங்களின் கீழ் யாரும் காய் பறிக்கக்கூடாது என்று அம்மா போட்ட சட்டம் இன்றைக்கும் நடப்பில் உள்ளது.

தண்ணீர் வழியே நடந்தவை

காய்கறிக்குப் பாய்ச்சிய தண்ணீரால் தென்னைக்கு ஆதாயம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது உடனே தெரியாது. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஒரு வருஷம் ஆகும். அந்தப் பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்கியது அதற்கும் வெகு முன்பு. இன்று ஊற்றிய தண்ணீருக்கு மரம் பதில் சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பாத்தி ஓரத்தில் நின்ற பழைய மரங்களில் குரும்பை உதிர்வது குறைந்ததை நாங்கள் 2020 கடைசியில்தான் பார்த்தோம். நடுவில் அப்பா மூன்று முறை "காய்கறி மரத்தைக் குடிக்குது" என்று சண்டை போட்டிருந்தார். எதிர்ப்பக்க நியாயமும் அவரிடம் இருந்தது: வெண்டைக்கு மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும், மரத்துக்கு வாரம் ஒன்று போதும், போர் இருப்பதோ ஒன்று. சித்திரையில் தண்ணீர் மட்டம் இறங்கினால் யாருக்கு முதலில்? செடி மாலையிலேயே வாடி நம் முகத்தைப் பார்க்கும், மரம் ஒன்றும் சொல்லாது. அதனால் எப்போதும் செடிக்குத்தான் முதலில் போனது. அது சரியில்லை.

இன்னொன்று இன்னும் கனமானது. இந்தப் பக்கத்துத் தென்னைக்கு அடித்தண்டழுகல் என்று ஒரு நோய் உண்டு. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடலோரத்தில் பெருவாரியாகக் கிளம்பியதால் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். கேனோடெர்மா என்ற பூஞ்சை வேர் வழியே ஏறும். தூரில் செம்பழுப்புச் சாறு வடியும். பிறகு அடியில் காளான் முளைக்கும். நோயுள்ள மரத்தின் பாத்தியில் ஓடிய தண்ணீரும், உழும்போது அறுபடும் வேரும் அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். நாங்கள் செய்தது என்ன? காய்கறிக்காக வரிசை முழுக்க ஒரே வாய்க்கால் வெட்டி, பெரிய மரங்களின் காலைத் தொட்டுத் தொட்டுத் தண்ணீர் விட்டோம். 2021 மாசியில் இரண்டு மரம் சாறு வடித்தது. வாய்க்கால் ஓடும் திசையில், ஒன்றையடுத்து ஒன்று.

அந்த வருஷமே வாய்க்காலைத் தூர்த்துச் சொட்டுநீர் போட்டோம். சிறு, குறு விவசாயிக்கு நூறு விழுக்காடு மானியம் என்பதால் செலவு பெரிதில்லை; அலைச்சல்தான். நோய் கண்ட இரண்டையும் சுற்றிக் குழி வெட்டித் தனிப்படுத்தினோம். மற்ற மரங்களுக்கு வருஷம் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு. வட்டப்பாத்திக்குள் வாழை வைத்தால் நோய் மட்டுப்படும் என்பதால் வாழையும் வைத்தோம். இரண்டில் ஒரு மரம் செத்தது, இன்னொன்று இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு வேறு மரத்துக்குப் பரவவில்லை. இன்றுவரை பாத்தியில் உழவு கிடையாது, மண்வெட்டி மட்டும்தான்.

கத்தரியை ஏன் விட்டோம்

கத்தரி விலை போகிற காய். பட்டுக்கோட்டைச் சந்தையில் எந்த நாளும் தள்ளிவிடலாம். ஆனால் தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்கு வாராவாரம் மருந்து அடித்தாக வேண்டும், நாங்களும் அடித்தோம்.

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலில் பார்த்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2021 வாக்கில் எங்கள் தோப்புக்கு வந்து சேர்ந்தது. ஈ மட்டைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி கழிவைச் சொட்டும். அது கீழ்மட்டை மேல் விழும், அதில் கரும்பூசணம் பிடிக்கும். மரத்தோடு நிற்கவில்லை, கீழே இருந்த கத்தரி இலை, வெண்டை இலை எல்லாம் அடுப்புக்கரி பூசியது போல ஆயிற்று. காயைத் துடைத்துத் துடைத்துக் கூடையில் போட்டோம்.

இந்த ஈக்குக் கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் பரிந்துரை. என்கார்சியா என்ற குளவி, கண்ணுக்குத் தெரியாத அளவு, ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும். மட்டையைத் தாழ்த்தி லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஈயின் கூட்டில் வட்டமாக ஓட்டை தெரியும், குளவி வெளியேறிய வாசல். காய்கறி இல்லாத பக்கம் நின்ற மரத்தில் அந்த ஓட்டைகளை எளிதாகப் பார்க்க முடிந்தது. கத்தரி வரிசையை ஒட்டிய மரங்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். பத்துப் பதினைந்து மட்டை பார்த்ததுதான். ஆனால் வாராவாரம் கீழே அடிக்கிற மருந்து காற்றில் ஏறி மேலே யாரைக் கொல்லும் என்று யோசிக்க அது போதுமாக இருந்தது. 2022 ஆடியோடு தோப்புக்குள் கத்தரியை நிறுத்தினோம். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம், விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மட்டையைக் கழுவினோம். ஈ ஒழியவில்லை, அடங்கியது.

இப்போது தோப்புக்குள் இருப்பவை மருந்தில்லாமல் தேறுபவை மட்டும்: கொத்தவரை, கீரை, பாகல், நிழலில் சேம்பும் கருணையும் மஞ்சளும். வீட்டை ஒட்டிய திறந்த மாவில் மட்டும் ஒரு பாத்தி கத்தரி, அக்காவின் பிடிவாதத்துக்காக.

வரவு செலவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். முதல் மூன்று வருஷம் காய்கறிதான் சாப்பாடு போட்டது, கடனை அடைக்கவில்லை. 2020 மார்ச் ஊரடங்கில் சந்தை மூடியபோது அதுவும் படுத்தது, டூ வீலரில் கட்டித் தெருத்தெருவாக விற்றோம். மேடையில் "ஊடுபயிரில் ஏக்கருக்கு லட்சம்" என்று சொல்பவர்கள் ஆள்கூலியைச் சொல்வதில்லை. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் முற்றிவிடும். தென்னை நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் கேட்கும். கல்யாணம் காட்சிக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பணத்தைவிடப் பெரியது.

முப்பதடி

2019-இல் பிள்ளை வைத்தபோது பழைய குழி வரிசையிலேயே, 25 அடிக்கே வைத்தோம். வழக்கம் அது. பக்கத்து நிலத்தில் சித்தப்பா முப்பதடி விட்டார். ஏக்கருக்கு 70-க்குப் பதில் 48 மரம். அப்பா அன்றைக்குச் சிரித்தார். இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு வயது ஆறு. தண்டு இன்னும் உயரவில்லை, மட்டை ஆள் உயரத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. 13 அடிப் பாதையில் நடுப்பாத்தி ஒன்றுக்குத்தான் முழு வெயில். பச்சை மட்டையை வெட்டினால் காய் குறையும் என்பதால் கயிற்றால் தூக்கிக் கட்டி வைத்திருக்கிறோம். சித்தப்பாவின் 18 அடியில் மூன்று பாத்தியும் ஓடுகிறது, மிளகாய் சிவந்து கிடக்கிறது. மரக்கணக்கில் அவருக்கு ஏக்கருக்கு 22 மரம் நட்டம். அது பெரிதா சிறிதா என்று தெரிய அவர் மரமும் எங்கள் மரமும் காய்த்தாக வேண்டும்.

வண்டு தின்ற பதினோரு குழி இன்னும் காலி. அவை இருக்கும் இடத்தில்தான் எங்களுக்கு மிச்சமிருக்கும் நல்ல வெயில். இந்த ஆவணியில், நிழல் காலடியில் விழும் அந்த வாரத்தில், அப்பா கயிறும் குச்சியுமாகப் போய் பதினோரு குழியிலும் அடையாளம் போட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, "ஏழு வருஷம் காய்கறி தின்னாச்சு. இனி பிள்ளை வைக்கணும்" என்றார். வேண்டாம் என்று நானும், ஆறு வைக்கலாம் ஐந்தை விடலாம் என்று அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குச்சிகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. போன வாரம் போய்ப் பார்த்தேன். அக்கா அதில் மூன்றில் பாகற்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்.